மெழுகு முத்திரை வைத்த கார்

வேலை கேட்டுப் போன அன்று டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "உன் வீட்டுக்காரர் நெஜமாவே மிலிட்டரியிலதான் இருக்காரா?"

இருக்கிறார் என்றேன். எங்கே என்று கேட்டார். பட்டான்கோட் என்றேன். அங்கே இப்போது குளிரா வெயிலா என்று கேட்டார். குளிர் என்று சொன்னதும் தலையை ஆட்டிவிட்டு, "யார் சொல்லி இங்க வந்தே?" என்றார். என் மகள் படித்த பள்ளிக்கூடத்தில் அவருடைய மனைவி டீச்சர். டீச்சர்தான் அனுப்பினார்கள் என்றேன்.

"அவளுக்கு உன் மேல என்ன அவ்வளவு அக்கறை?"

இதற்கு என்ன பதில் சொல்வது? கடைசியில், "ஒரு மாசம் பார்க்கலாம்" என்றார். அந்த ஒரு மாதம் முடிந்துவிட்டது என்று நான் அங்கே வேலை பார்த்த வரைக்கும் அவர் சொல்லவே இல்லை.

அவர் பல் டாக்டர். மேற்குத் தாம்பரத்தில், ரயிலை விட்டு இறங்கினால் நடந்து போகிற தூரத்தில் வீடு. முன்பக்கம் கிளினிக், பின்பக்கம் குடித்தனம், பக்கவாட்டில் ஒரு தகரக் கொட்டகை. அறுபதுகள் முடிந்து எழுபதுகள் தொடங்கிய நேரம். எனக்கு முப்பது தாண்டியிருந்தது. பல்லாவரத்திலிருந்து எலெக்ட்ரிக் ரயிலில் வந்து, கருவிகளைக் கொதிக்க வைத்து, வந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர்கள் வாய் கொப்பளிக்கத் தம்ளரில் தண்ணீர் நிரப்பி வைப்பது என் வேலை.

ஒல்லியான மனிதர். ரோட்டில் நடந்தால் கொஞ்ச தூரத்துக்கு ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார். கண்ணெதிரே கறந்து கொடுத்த பாலையும் புறங்கையில் ஒரு சொட்டு விட்டு, அது எப்படி வழிகிறது என்று பார்ப்பார். கதவைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். இவர் நாலெட்டு போய்த் திரும்பி வந்து, பூட்டைத் திறந்து, மறுபடி பூட்டுவார். டீச்சர் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்: "கல்யாணத்தன்னைக்கு சர்ச்சுக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி தாலியைக் கல்லுல உரசிப் பார்த்தாராம், ஸ்டெல்லா. கடைக்குப் போயி அதை வாங்கிட்டு வந்ததே அவர்தான்!"

நாற்காலியில் உட்காருகிறவர்கள் பேச்சையும் அவர் நம்பமாட்டார். இந்தப் பல்தான் வலிக்கிறது என்று விரலை வைத்துக் காட்டினாலும் மற்ற பல் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பார். ஒரு ரயில்வே கார்டு வந்தார். கீழ்வரிசைக் கடைவாய்ப் பல், உடனே பிடுங்குங்கள் என்று கத்தினார். டாக்டர் தட்டிக்கொண்டே போய் மேல்வரிசையில் ஒரு பல்லைத் தொட்டதும் கார்டு நாற்காலியிலிருந்து எம்பிவிட்டார். "வலி பொய் சொல்லும்மா" என்றார் டாக்டர் என்னிடம். நல்ல பல் ஒன்றைக்கூட அவர் தப்பாகப் பிடுங்கி நான் பார்த்ததில்லை. அதற்காகவே செங்கல்பட்டிலிருந்துகூட அவரைத் தேடி வந்தார்கள்.

கொட்டகைக்குள் இருந்தது ஒரு பச்சைக் கார். இங்கிலாந்தில் செய்தது. இரண்டே பேர் உட்காரலாம். மேலே கூரை கிடையாது. மழை வந்தால் இழுத்து மூடிக்கொள்ள ஒரு கான்வாஸ் உண்டு. ரேஸ் ஓட்டுகிறவர்கள் வைத்துக்கொள்ளும் ஜாதி. ஊரை விட்டுப் போன ஒரு எஸ்டேட் வெள்ளைக்காரரிடம் வாங்கியது என்பார்கள். இவ்வளவு நல்ல வண்டியை ஒருவன் விற்கிறான் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்ற சந்தேகம் வாங்கிய நாளிலிருந்தே அவருக்கு இருந்தது. ஆனாலும் அதன் மேல் உயிர்.

பல் செட்டுக்கு அளவெடுக்க எங்களிடம் ரோஸ் நிறத்தில் மெழுகு இருக்கும். அதில் ஒரு துண்டை விளக்கில் காட்டி இளக்கி, காரின் பானெட் மூடியும் உடம்பும் சேருகிற இடத்தில் அப்பி, தன் கட்டைவிரலை அழுத்தி வைப்பார். யாராவது மூடியைத் திறந்தால் மெழுகு பிளந்துவிடும். தினமும் காலையில் கிளினிக்கைத் திறப்பதற்கு முன்னால் போய் அந்த ரேகையைப் பார்த்துவிட்டு வருவார். ஒரு சித்திரையில் மெழுகு இளகி வழிந்துவிட்டது.

"வெயில்ங்க" என்றார்கள் டீச்சர்.

"வெயில் ஒரு பக்கமா மட்டும் உருக்குமா?"

அன்று முழுக்க வீட்டுக்கு வந்து போனவர்கள் எல்லோரையும் பற்றி விசாரித்தார். என்னையும் சேர்த்துத்தான்.

முதல் தடவை கார் எரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. டீச்சரோடு சர்ச்சுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது ஸ்டியரிங்குக்குக் கீழே புகை வந்தது. ஹாரன் போய்விட்டது, விளக்கு போய்விட்டது, வண்டி நின்றுவிட்டது. ஜி.எஸ்.டி. ரோட்டில் தசரதன் ஷெட் பக்கம் என்பதால் அங்கே தள்ளிக்கொண்டு போனார்கள். தசரதன் செம்பாக்கத்துப் பையன். ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்த குடும்பம். இவன் மட்டும் வண்டிகளுக்கு ஒயரிங் செய்யக் கற்றுக்கொண்டு ஷெட் போட்டிருந்தான். பானெட்டைத் திறந்து பார்த்து அவன் சொன்னதை டீச்சர் அப்படியே நடித்துக் காட்டினார்கள்:

"சூட்டுல வெந்து போன ஒயரு சார் இது. சைலன்சர் கொழாய ஒட்டியே போவுது பாருங்க. மேல கீற ரப்பரு பொரிஞ்சி பூட்ச்சி. புச்சா இழுத்து, சூடு படாத பக்கமா கட்டிர்லாம். ரெண்டு நாள் வுட்டுட்டுப் போங்க."

"விட்டுட்டுப் போறதா?" என்றாராம் டாக்டர். அந்த நேரமே ஒரு மாட்டு வண்டியைப் பிடித்து, பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். நல்ல சாமான்களைக் கழற்றிக்கொண்டு மட்டமானதை மாட்டிவிடுவான் என்று பயம்.

பிறகு தானே உட்கார்ந்தார். மத்தியானம் கிளினிக் மூடிய பிறகு டார்ச் பிடிக்க என்னைக் கூப்பிடுவார். கார் வேலை எனக்கு அதுவரை தெரியாது. பல் டாக்டர் கார் ரிப்பேர் செய்வதை யாரும் பார்த்திருக்கவும் மாட்டார்கள். வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடியை என்ஜினுக்குப் பின்னால் விட்டு, கண்ணுக்கு எட்டாத ஒயரைப் பார்ப்பார். இடுக்கியால் மெல்ல இழுப்பார். அந்தக் காலத்து ஒயர். ரப்பரின் மேல் துணி பின்னியிருக்கும். கை பட்டதும் முறுக்கு மாதிரி நொறுங்கி, பொடிப்பொடியாக உதிர்ந்து, உள்ளே செம்பு கறுத்துத் தெரிந்தது. ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு நிறம் இருந்ததாம். சூட்டில் எல்லாம் ஒரே பழுப்பாகிவிட்டது. எது எங்கே போகிறது என்று தெரிய ஒரு பல்பையும் பேட்டரியையும் வைத்துக்கொண்டு முனை முனையாகத் தொட்டுப் பார்த்தார். கெட்டதை வெட்டி, புதுசை முறுக்கி, ஈயம் வைத்து, டேப் சுற்றி, என்ஜினின் குளிர்ந்த பக்கமாகக் கொண்டுபோய்க் கட்டினோம். தசரதன் சொன்ன அதே பக்கம்தான். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்த மத்தியானங்களில் அவர் வேறு மனிதர். முகத்தில் இருந்த முடிச்செல்லாம் அவிழ்ந்துவிடும். பல்ப் எரியும்போதெல்லாம் குழந்தை மாதிரி என்னைத் திரும்பிப் பார்ப்பார். "இந்தப் பக்கம் கரண்ட் விட்டா அந்தப் பக்கம் வரணும். வரலைன்னா நடுவுல எங்கயோ அறுந்திருக்கு. அவ்வளவுதான் ஸ்டெல்லா. மனுஷங்ககிட்ட இந்த சௌகரியம் உண்டா?" என்பார். டேப் சுற்றுகிற வேலையை என்னிடம் கொடுப்பார். நான் சுற்றி முடித்ததும் அதைப் பிரித்து, தானே மறுபடி சுற்றுவார். கோபம் வராது எனக்கு. சிரிப்புதான் வரும்.

கார் ஓடியது. வண்டலூர் வரைக்கும் போய்விட்டு வந்து, வாசலில் நின்று ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். டீச்சர் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்கள்.

அந்தச் சந்தோஷம் மழைக்காலம் வரைக்கும்கூட நிற்கவில்லை. மறுபடி புகை. இந்தத் தடவை டாக்டர் யாரையும் கூப்பிடவில்லை. பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெல்ல இறக்கினார்.

"யாரோ கை வெச்சிருக்கான்" என்றார்.

"பழைய வண்டிதானே டாக்டர்..."

"உனக்குத் தெரியாது. எங்க எரிஞ்சிருக்குன்னு எனக்குத்தான் தெரியும். தெரிஞ்சவன் செஞ்ச வேலை."

அவர் சந்தேகம் தசரதன் மேல் போனது. வண்டியை அவனிடம் விடாததால் அவனுக்கு வஞ்சம் என்றார். இரண்டு நாள் கழித்து, நான் தம்ளர் கழுவிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றார்.

"நீ ரயிலுக்குப் போறது தசரதன் ஷெட் வழியாத்தானே?"

"ரோடே அதுதானே டாக்டர்."

"நின்னு பேசுவியா?"

"அக்கான்னு கூப்பிடுவான். ரெண்டு வார்த்தை பேசுவேன்."

அவர் கொட்டகைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து டார்ச் பிடிக்க என்னைக் கூப்பிடவில்லை. கொட்டகைக் கதவை உள்ளே சாத்திக்கொண்டு தனியாக வேலை செய்தார். வீட்டில் ஒரு திருடி இருக்கிறாள் என்பது போல அவர் என் கையைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று பல்லாவரம் வரும்வரை ரயிலில் யோசித்துக்கொண்டே போவேன். மறுநாள் காலையில் மறுபடி வந்து நிற்பேன்.

வண்டி திரும்ப ஓடத் தொடங்கிய பிறகு ஒருநாள் காலை தசரதன் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தான். அந்த அம்மாவுக்குக் கன்னம் வீங்கியிருந்தது. டாக்டர் அப்போதுதான் காரில் ஒரு சுற்று போய்விட்டு வந்து, கொட்டகையில் விட்டு, அதைப் பூட்டுவதற்கு முன்னால் கை கழுவிக்கொண்டிருந்தார். தசரதனைப் பார்த்ததும் முகம் இறுகியது. ஆனால் நோயாளியைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் அவருக்கு இல்லை. "நீ வெளியில இரு" என்று அவனிடம் சொல்லிவிட்டு, அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, பற்களைத் தட்டிப் பார்த்து, ஊசி போட்டு, ஈறில் பஞ்சு வைத்தார். மரத்துப்போகக் காத்திருந்தோம்.

அப்போது வெளியே தசரதன் கத்தினான். "சார்! வண்டி! சார்!"

ஓடினோம். கொட்டகைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரே கரும்புகை. பானெட் தூக்கியிருந்தது. தசரதன் சட்டையை வாயில் சுற்றிக்கொண்டு, வேலியோரத்து மணலை இரண்டு கையாலும் அள்ளி என்ஜின் மேல் கொட்டிக்கொண்டிருந்தான். நெருப்பு அணைந்துகொண்டிருந்தது. அவன் முழங்கை வெந்திருந்தது.

டாக்டர் குனிந்து தரையைப் பார்த்தார். பிளந்த மெழுகுத் துண்டு அங்கே கிடந்தது.

"மெழுகை யார் ஒடைச்சது?"

தசரதன் இருமிக்கொண்டே நிமிர்ந்தான். "இன்னா சார்?"

"பானெட்டைத் திறந்தது யாரு?"

"நான்தான். தொறக்காம எப்டி அணைக்கறது? எர்ஞ்சிகினு கீது, நீ மெழுகப் பத்திக் கேக்கறியே சார்!"

"சாவி என் பாக்கெட்ல இருக்கு. வண்டியில ஆள் இல்லை. நின்ன வண்டி எப்படிடா தானா எரியும்? நீ வந்த அன்னைக்கு, நீ வெளியில நின்னப்போ?"

ரோட்டில் கூட்டம் கூடிவிட்டது. யாரோ போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். வந்த எஸ்.ஐ. எங்களிடம் பல்லுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டவர். டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தசரதன் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு போனார். அவனுடைய அம்மா படியில் நின்று ஏதோ சொல்லப் பார்த்தார். வாயில் பஞ்சு, நாக்கு மரத்துப்போயிருந்தது. ஒரு வார்த்தையும் புரியவில்லை. எச்சில்தான் வழிந்தது. டாக்டர் அவரிடம் போய், "உள்ள வாங்கம்மா, மருந்து எறங்கிடும், பல்லை எடுத்துடலாம்" என்றார். அந்த அம்மா பஞ்சை எடுத்துப் படியில் வைத்துவிட்டு, மகன் போன திசையில் நடந்தார்.

டீச்சர் அன்று முழுக்க டாக்டரிடம் பேசவில்லை.

மறுநாள் மத்தியானம் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். எஸ்.ஐ. ஆதாரம் கேட்டிருக்கிறாராம். "பிரிச்சுப் பார்க்கணும். சாட்சிக்கு ஓர் ஆள் வேணும். டார்ச் எடுத்துக்கோ."

மணலைத் துடைப்பத்தால் தள்ளித் தள்ளிப் பார்த்தோம். நாங்கள் இருவரும் சேர்ந்து குளிர்ந்த பக்கமாகக் கட்டிய ஒயர்கள் கரி படிந்திருந்தன. ஆனால் பெரிதாக எரியவில்லை. இன்னொரு ஒயர் நான் பார்த்ததே இல்லாதது. சைலன்சர் குழாயின் மேலேயே படுத்து, சீட்டுக்கு அடியில் போய் மறைந்தது. அதைச் சுற்றி வெள்ளைப் பட்டை. எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. தங்கப் பல் வார்க்கும்போது அச்சுக்குள் சுற்றுகிற, சூடு தாங்கும் ஆஸ்பெஸ்டாஸ் பட்டை. எங்கள் அலமாரியைத் தவிரத் தாம்பரத்தில் வேறு எங்கே இருக்கும்?

"இது நம்ம பட்டையாச்சே டாக்டர்?"

"நான்தான் கட்டினேன்" என்றார். "சீட்டுக்கு அடியில ஒரு ஸ்விட்ச் வெச்சிருக்கேன். அதை அமுக்கலைன்னா வண்டி கெளம்பாது. திருட்டுக்குப் பயந்து வெச்சது. வீட்டுல அவளுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. அதைத்தான் தேடிப் புடிச்சு எரிச்சிருக்கான். போன தடவையும் இதேதான். இப்பப் புரியுதா?"

"அதை எதுக்கு டாக்டர் சைலன்சர் கொழாய் மேல கட்டினீங்க?"

"சூடா இருக்கிற எடத்துல எவனும் கை வைக்க மாட்டான்" என்றார்.

சொன்னவர் அப்படியே நின்றார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பிறகு இடுக்கியால் அந்தப் பட்டையைத் தொட்டார். அது பொடியாக உதிர்ந்தது. அடியில் ஒயரின் மேலுறை உருகிக் குழாயோடு ஒட்டியிருந்தது. செம்பு இரும்பைத் தொட்ட இடத்தில் ஒரு கறுப்புப் பள்ளம். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் நேரே வந்த ஒயர்; வண்டி நின்றாலும் அதில் கரண்ட் இருக்கும். சாவி எங்கே இருந்தால் அதற்கு என்ன?

டார்ச்சை நான் அணைக்கவில்லை. அவராகவே என் கையிலிருந்து வாங்கி அணைத்தார்.

இதற்குப் பிறகும் பல வருஷம் அவரிடம் வேலை பார்த்தேன். அவர் மாறிவிட்டார் என்று சொன்னால் அது பொய். பால் சொட்டும் பூட்டும் கடைசிவரை இருந்தன. காரை மட்டும் மறுபடி கட்டவில்லை. கொட்டகையோடு யாரோ வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஆனால் அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மத்தியானம்தான் ஞாபகம் வருகிறது. கை கழுவிவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு வந்து, "போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன். நீயும் வா" என்றார்.

"நான் எதுக்கு டாக்டர்?"

"அங்க போயி நான் வேற ஏதாவது சொல்லிட்டேன்னா? என்னை நம்ப முடியாது."

வெயிலில் நடந்தே போனோம். போலீஸ் ஸ்டேஷன் வராந்தாவில் தசரதனுடைய அம்மா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கன்னம் முந்தின நாளைவிடப் பெரிதாக வீங்கியிருந்தது. எங்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். எஸ்.ஐ. எழுந்து நாற்காலி போட்டார். டீ வரவழைத்தார். "பையன் இன்னும் ஒத்துக்கலை டாக்டர். ஒத்துக்குவான்."

"அவனை விட்டுருங்க" என்றார் டாக்டர்.

"மன்னிச்சு விடுறீங்களா? உங்களுக்குப் பெரிய மனசு சார். அப்படியே எழுதிக்கறேன்."

டாக்டர் டீ கிளாஸைப் பார்த்தார். இல்லை என்று சொல்வார் என்று காத்திருந்தேன். எஸ்.ஐ. பேனாவை எடுத்தார். வெளியே வராந்தாவில் அந்த அம்மா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்னேன்: "மன்னிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லை சார். டாக்டர் தானே கட்டின ஒயர் சூட்டுல வெந்து எரிஞ்சிருக்கு. இந்தப் பையன் அணைக்கத்தான் வந்தான்."

எஸ்.ஐ. என்னைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்தார். "என்ன சார், இந்தம்மா என்னமோ சொல்றாங்க?"

வேலை போனது என்றே நினைத்தேன்.

"அவ சொல்றது நெஜம்" என்றார் டாக்டர். "தப்பு என்னோடது. அவன் மேல ஒண்ணும் இல்லை. அப்படியே எழுதுங்க."

தசரதன் வெளியே வந்தான். முழங்கையில் தீப்புண்ணுக்கு யாரோ நீல மை தடவிவிட்டிருந்தார்கள். அம்மாவைக் கைகொடுத்துத் தூக்கினான். டாக்டர் அவர்கள் பக்கம் போனார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. அவருக்குத் தெரிந்த ஒன்றைத்தான் சொன்னார். "கிளினிக்குக்கு வாங்கம்மா. அந்தப் பல்லை எடுத்துடுறேன்."

தசரதன் நடுவில் வந்து நின்றான். "வேணா சார். எங்கம்மா வாயில உன் கை பட வேணா."

"சரிதான்" என்றார் டாக்டர். "நானா இருந்தாலும் விடமாட்டேன். ஆனா வேற யார்கிட்டயாவது இன்னைக்கே காட்டு. உள்ள சீழ் புடிச்சிருக்கு. நாளைக்குன்னு வெச்சா ஒடம்பு பூரா பரவிடும்."

தசரதன் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"நெஜமாக்கா?"

"நெஜம்தான் தசரதா. இப்பவே கூட்டிட்டுப் போ."

அவன் அம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கிற பக்கம் போனான். டாக்டர் வராந்தாவிலேயே நின்றார். பஸ் வந்து, அவர்கள் ஏறி, அது கிளம்பிப் போகும்வரை பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினார்.